வாசகர் கேள்வி – பதில்: பீ ஜீஸ் சகோதரர்களின் பாட்டும் இசைத்தட்டும்

சென்ற இதழில், "ஸ்டேயிங் அலைவ்" பாடலைப் பாடியவர்கள் யார் என்று கேட்டிருந்த ஒரு வாசகருக்கு, அவர்கள் பீ ஜீஸ் என்னும் பிரிட்டிஷ் குழுவினர் என்று சுருக்கமாக விடை எழுதியிருந்தேன். அந்தச் சிறு விடைக்குச் சுங்கை சிப்புட் நகரிலிருந்தும் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் வந்த கடிதங்களைப் பார்த்தபோது, இம்மாதப் பகுதி முழுவதையும் அந்தக் குழுவுக்கே ஒதுக்குவதுதான் முறை என்று தோன்றியது. ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களை ஒன்றாக்கி விடையளித்திருக்கிறேன்.

எங்கள் காலத்தில் பீ ஜீஸ் ஆஸ்திரேலியக் குழு என்றுதான் சொல்வார்கள். நீங்கள் பிரிட்டிஷ் குழு என்கிறீர்கள். எது சரி?
– ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி, சுங்கை சிப்புட்

ஐயா, நீங்கள் கேள்விப்பட்டதற்கும் காரணம் உண்டு. குழுவின் மூன்று சகோதரர்களில் பேரி கிப் 1946-ஆம் ஆண்டிலும், இரட்டையரான ராபின், மாரிஸ் இருவரும் 1949 டிசம்பர் 22-ஆம் நாளிலும் இங்கிலாந்துக்கு அருகிலுள்ள மேன் தீவில் ஆங்கிலேயப் பெற்றோருக்குப் பிறந்தவர்கள். குடும்பம் மான்செஸ்டர் நகரில் சில காலம் வாழ்ந்துவிட்டு, 1958-இல் பிழைப்புத் தேடி ஆஸ்திரேலியாவின் குவின்ஸ்லாந்து மாநிலத்திலுள்ள ரெட்கிளிஃப் என்னும் கடலோர ஊருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே கார்ப் பந்தயத் திடலில், பந்தயங்களுக்கு நடுவே கிடைக்கும் இடைவேளையில் பாடி, பார்வையாளர்கள் வீசும் சில்லறையைப் பொறுக்கிய சிறுவர்கள்தாம் இந்த மூவர். குழுவின் பெயரும் அங்கேதான் பிறந்தது. சிறுவர்களுக்குக் கைகொடுத்த பந்தய அமைப்பாளர், வானொலி அறிவிப்பாளர் ஆகிய இருவரின் பெயர்களுக்கும் பேரி கிப்பின் பெயருக்கும் தலைப்பெழுத்துகள் ஒன்றாகவே அமைந்திருந்ததால் "பி.ஜி." என்று வைத்தார்கள். "பிரதர்ஸ் கிப்", அதாவது கிப் சகோதரர்கள், என்ற விளக்கம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

1967-இன் தொடக்கத்தில் அவர்கள் கப்பலேறி இங்கிலாந்து திரும்பினார்கள். ராபர்ட் ஸ்டிக்வுட் என்பவர் மேலாளராகப் பொறுப்பேற்றார். உலகம் அறிந்த பாடல்கள் எல்லாம் அதன் பிறகு வந்தவை. ஆகவே பிறப்பாலும் பணியாலும் பிரிட்டிஷ் குழுவினர், வளர்ப்பால் ஆஸ்திரேலியர் என்று சொன்னால் இரு தரப்புக்கும் நியாயம் செய்ததாகும்.

பீ ஜீஸ் என்றாலே டிஸ்கோ, வெள்ளைக் கோட்டு, சுழலும் கண்ணாடி உருண்டை என்றுதான் நினைவு வருகிறது. அதற்கு முன் இவர்கள் பாடியவற்றில் கேட்கத் தகுந்தவை உண்டா?
– செம்பனை ஆலை ஊழியர், சுங்கை சிப்புட் வட்டாரம்

இந்தக் கேள்விக்காகவே இம்மாதப் பகுதியை எழுதுகிறேன் என்று சொல்வேன். இவர்களை டிஸ்கோக் குழு என்று மட்டும் அறிந்திருப்பவர்கள், பத்தாண்டுகளுக்கு மேல் எழுதப்பட்ட அருமையான பாட்டுகளை இழந்திருக்கிறார்கள். என் மதிப்பீட்டில் கிப் சகோதரர்கள் முதலில் பாடலாசிரியர்கள், அதன் பிறகு பாடகர்கள். நடனத்துக்கு ஏற்ற தாளம் அவர்கள் தொழிலில் இடையில் வந்து சேர்ந்த ஒன்று.

இங்கிலாந்துக்கு வந்தபின் வெளியிட்ட முதல் பாட்டான "நியூயார்க் மைனிங் டிசாஸ்டர் 1941" என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். 1966-இல் வேல்ஸ் நாட்டின் அபர்ஃபான் கிராமத்தில் நிலக்கரிக் கழிவுக் குன்று சரிந்து பள்ளிக்கூடத்தை மூடியதில், பெரும்பாலும் குழந்தைகளாக 144 பேர் மாண்டார்கள். அந்தத் துயரம் மனத்தில் இருக்க, லண்டனில் இசைத்தட்டு நிறுவனத்தின் இருண்ட மாடிப்படியில், குரல் எதிரொலிக்கும் இடத்தில் அமர்ந்து அவர்கள் இதை எழுதினார்கள். சுரங்கத்துக்குள் சிக்கிய தொழிலாளி ஒருவர், மீட்க யாரும் வருவார்களா என்று தெரியாத நிலையில், தம் மனைவியின் படத்தைப் பக்கத்தில் இருப்பவரிடம் காட்டிப் பேசுகிறார். சத்தமாகப் பேசினால் மண் சரிந்துவிடும் என்று அவர் எச்சரிப்பதற்கேற்பப் பாட்டின் வேகமும் தளர்ந்துகொண்டே போகும். உடலுழைப்பை நம்பி வாழ்ந்த குடும்பங்களிலிருந்து வந்த நமக்கு இந்தப் பாட்டின் பொருளை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. இதை எழுதியபோது இரட்டையருக்கு வயது 17 மட்டுமே.

அதே 1967-இல் "பீ ஜீஸ் ஃபர்ஸ்ட்" என்ற இசைத்தட்டு வந்தது. அதிலுள்ள "டு லவ் சம்பாடி" பாட்டு, அமெரிக்கப் பாடகர் ஓட்டிஸ் ரெட்டிங் பாடுவதற்கென்று எழுதப்பட்டது. ஆனால் அவ்வாண்டு டிசம்பரில் அவர் விமான விபத்தில் இறந்துபோனார். பிரிட்டனில் அந்தப் பாட்டு 41-ஆம் இடத்துக்கு மேல் ஏறவில்லை. ஆயினும் நீனா சிமோன் முதல் ஜானிஸ் ஜாப்ளின் வரை எத்தனையோ பெரிய பாடகர்கள் அதைத் தேடியெடுத்துப் பாடியிருக்கிறார்கள். தரவரிசையை மட்டும் வைத்துப் பாட்டை அளப்பவர்களுக்கு நான் காட்டும் முதல் சான்று இதுதான்.

பிரிட்டனில் அவர்களை முதன்முறையாக முதலிடத்துக்குக் கொண்டுசென்றது, 1967 இலையுதிர்காலத்தில் வந்த "மாசசூசெட்ஸ்". ஊரைவிட்டு சான் பிரான்சிஸ்கோவுக்குப் போன ஒருவன் வீட்டை நினைத்து ஏங்கும் பாட்டு அது. அடுத்த ஆண்டில் "வோர்ட்ஸ்", தூக்குமேடைக்குப் போகவிருப்பவன் தன் மனைவிக்குச் செய்தி சொல்லியனுப்பும் "ஐவ் காட்டா கெட் எ மெசேஜ் டு யூ", "ஐ ஸ்டார்ட்டட் எ ஜோக்" ஆகியவை வரிசையாக வந்தன. கடைசியாகச் சொன்ன பாட்டின் மெட்டு, பறந்துகொண்டிருந்த விமானத்தின் எஞ்சின் ஓசையிலிருந்து தமக்குக் கிடைத்ததாக ராபின் சொல்லியிருக்கிறார்.

1969-இல் வந்த "ஒடெஸா" இரண்டு தட்டுகள் கொண்டது. சிவப்பு வெல்வெட் போன்ற உறையில் பொன்னெழுத்துப் பொறித்து வெளியிட்டார்கள். அதிலிருந்து எந்தப் பாட்டை முதலில் தனித்தட்டாக வெளியிடுவது என்பதில் மூண்ட மனக்கசப்பு, குடும்பத்தையே பிரித்தது. பேரி பாடிய "ஃபர்ஸ்ட் ஆஃப் மே" முதல் பக்கத்தில் வந்தது, ராபின் பாடிய "லேம்ப்லைட்" பின்பக்கத்துக்குப் போனது. ராபின் வெளியேறினார். அண்ணன் தம்பி பிணக்கு ஓராண்டுக்கு மேல் நீடித்தது. 1970-இல் மனம் மாறி மீண்டும் கூடியபோது பேரியும் ராபினும் சேர்ந்து எழுதியதுதான் "ஹவ் கேன் யூ மெண்ட் எ புரோக்கன் ஹார்ட்". உடைந்த மனத்தை எப்படி ஒட்டுவது என்று கேட்கும் அந்தப் பாட்டு, 1971-இல் அமெரிக்காவில் அவர்களுக்கு முதல் முதலிடத்தைப் பெற்றுத் தந்தது. காதலர் பாட்டாக அதைக் கேட்பவர்கள், சகோதரர்கள் சமாதானமான சூழலில் அது பிறந்ததையும் நினைத்துக்கொண்டு ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

பள்ளியில் பிள்ளைகளுக்குக் குழுப்பாடல் பயிற்சி அளிக்கிறேன். பீ ஜீஸ் மூவரின் குரல்களும் எனக்கு ஒன்றாகவே கேட்கின்றன. எது யாருடைய குரல் என்று எப்படிப் பிரித்தறிவது?
– தமிழ்ப்பள்ளி ஆசிரியை, சுங்கை சிப்புட்

அம்மா, ஒன்றாகக் கேட்பதுதான் அவர்கள் பயிற்சியின் பெருமை. ஒரே வீட்டில் ஒரே பேச்சைக் கேட்டு வளர்ந்தவர்கள் என்பதால் மூவரும் ஒரே இடத்தில் மூச்சு எடுப்பார்கள், ஒரே இடத்தில் சொல்லை முடிப்பார்கள். என்றாலும் பிரித்தறிய வழியுண்டு.

"மாசசூசெட்ஸ்" பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சற்றே நடுங்கி, அழுகைக்கு ஓரடி முன்னே நின்றுவிடும் குரல் ராபினுடையது. "வோர்ட்ஸ்" பாட்டில் காற்று கலந்து, காதருகே பேசுவது போல் தொடங்குவது பேரி. மாரிஸைத் தனியே கண்டுபிடிப்பது கடினம். அவர் பெரும்பாலும் இருவருக்கும் இடைப்பட்ட சுரத்தைத் தாங்கினார். அதோடு பேஸ் கிடார், பியானோ, மெல்லோட்ரான் என்னும் விசைப்பலகைக் கருவி என்று பலவற்றை வாசித்தார். அவர் பாடுவதை நீக்கிவிட்டால் மற்ற இருவரும் தனித்தனியே நிற்பது தெரிந்துவிடும்.

பலரும் பீ ஜீஸ் குரல் என்று நினைக்கும் அந்தக் கூர்மையான கள்ளக் குரல் (ஃபால்செட்டோ) 1975-இல்தான் வந்தது. மயாமி நகரில் "மெயின் கோர்ஸ்" இசைத்தட்டுக்காக "நைட்ஸ் ஆன் பிராட்வே" பாட்டைப் பதிவு செய்துகொண்டிருந்தபோது, தயாரிப்பாளர் ஆரிஃப் மார்டின், பாட்டின் முடிவில் சுருதி பிசகாமல் யாராவது கத்த முடியுமா என்று கேட்டார். பேரி முயன்றார். தம்மிடம் அப்படி ஒரு குரல் இருப்பதை அப்போதுதான் அவரே அறிந்துகொண்டார்.

உங்கள் பிள்ளைகளுக்குப் பயன்படும் பாட்டு "டூ மச் ஹெவன்". மூன்று சுரங்களில் அமைந்த இசைவை ஒன்பது முறை ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிவு செய்திருக்கிறார்கள். ஆகவே 27 குரல்கள் கேட்கும், பாடியவர்கள் மூவரே. முதல் முறை மேல்குரலை மட்டும், அடுத்த முறை கீழ்க்குரலை மட்டும் பின்தொடரச் சொல்லுங்கள். இசைவு என்றால் என்ன என்பது பிள்ளைகளுக்குத் தானே விளங்கிவிடும்.

திருமண வீடுகளில் பேண்ட் வாசிக்கிறேன், டிரம்ஸ் என் பொறுப்பு. "ஸ்டேயிங் அலைவ்" பாட்டின் தாளம் ஆரம்பத்திலிருந்து இறுதிவரை அணுவளவும் மாறாமல் இருக்கிறதே, மனிதனால் அப்படி வாசிக்க முடியுமா?
– பேண்ட் கலைஞர், சுங்கை சிப்புட்

தம்பி, உங்கள் காது சரியாகவே சொல்கிறது. 1977-இல் பாரிஸ் நகருக்கு அருகில் எரூவில் என்னும் ஊரின் பழைய மாளிகையில் இயங்கிய ஒலிப்பதிவுக் கூடத்தில் சகோதரர்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். "சாட்டர்டே நைட் ஃபீவர்" படத்தைத் தயாரித்துக்கொண்டிருந்த ஸ்டிக்வுட், தம் படத்துக்குப் பாட்டுகள் வேண்டும் என்று கேட்டார். திரைக்கதையைப் படிக்காமலேயே அவர்கள் எழுதத் தொடங்கினார்கள். அந்நேரம் பார்த்து, டிரம்ஸ் கலைஞர் டென்னிஸ் பிரையன் குடும்பத் துயரம் காரணமாக ஊர் திரும்ப நேர்ந்தது. தாள இயந்திரம் ஒன்றை முயன்று பார்த்தார்கள், பிடிக்கவில்லை.

இணைத் தயாரிப்பாளர்களான ஆல்பி கலூட்டன், கார்ல் ரிச்சர்ட்சன் இருவரும் ஒரு வழி கண்டார்கள். ஏற்கெனவே பிரையன் வாசித்து முடித்திருந்த "நைட் ஃபீவர்" பாட்டிலிருந்து இரண்டே இரண்டு ஆவர்த்தனத்தைப் படியெடுத்தார்கள். அந்த ஒலிநாடாத் துண்டின் இரு முனைகளையும் ஒட்டி வளையமாக்கினார்கள். வளையம் பெரிதாக இருந்ததால், ஒலிப்பதிவுக் கருவியிலிருந்து வெளியே இழுத்து, ஒலிவாங்கி நிறுத்தும் கம்பத்தைச் சுற்றிவரச் செய்து, அது தொய்யாமலும் இறுகாமலும் இருக்கக் காலியான பிளாஸ்டிக் சுருளை எடையாகத் தொங்கவிட்டார்கள். நாடா சுற்றிச்சுற்றி வர, அதே இரண்டு ஆவர்த்தனம் பாட்டு முழுவதும் ஓடியது. மேலே வரும் தாளத்தட்டின் ஓசையும் மற்றவையும் பிறகு சேர்க்கப்பட்டவை. ஆகவே நீங்கள் கேட்பது மனிதன் வாசித்த தாளம், ஆனால் ஒருமுறை வாசித்தது மீண்டும் மீண்டும் வருவது. "மோர் தேன் எ வுமன்" பாட்டுக்கும், 1980-இல் பார்ப்ரா ஸ்ட்ரைசண்டுக்கு எழுதிக்கொடுத்த "வுமன் இன் லவ்" பாட்டுக்கும் அதே வளையத்தையே பயன்படுத்தினார்கள். இன்று கணினியில் ஒரு பொத்தானை அழுத்திச் செய்வதை அன்று பசையும் கத்தரியும் கொண்டு செய்தார்கள் என்பது என்னை இன்றும் வியக்க வைக்கிறது.

தாளத்தின்பால் அவர்கள் கவனம் திரும்பியது அதற்கு முன்பே. மயாமியில் தங்கியிருந்தபோது ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போகும் வழியில் ஒரு பாலம் உண்டு. காரின் சக்கரம் அதன் இணைப்புகள்மீது ஏறி இறங்கும் ஓசையைப் பிடித்துக்கொண்டுதான் பேரி "ஜைவ் டாக்கிங்" பாட்டைத் தொடங்கினார். 1974-இல் வட இங்கிலாந்தின் இரவு விடுதிகளில் பாடிப் பிழைக்கும் நிலைக்கு இறங்கியிருந்த குழுவை, 1975-இல் அந்த ஒரு பாட்டு மீண்டும் அமெரிக்காவின் முதலிடத்தில் ஏற்றியது.

முதலுதவி வகுப்பில், நின்றுபோன இதயத்தை அழுத்தும்போது "ஸ்டேயிங் அலைவ்" பாட்டை மனத்தில் பாடிக்கொள்ளச் சொன்னார்கள். இது உண்மையில் பயன்படுமா?
– மருத்துவமனை ஊழியர், சுங்கை சிப்புட்

பயன்படும். மார்பை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும் என்பது மருத்துவ விதி. அந்தப் பாட்டின் தாளம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 103. பதற்றத்தில் வேகம் தவறாமல் இருக்க அது துணைசெய்கிறது என்பதால் பல நாடுகளில் பயிற்சிக்குப் பயன்படுத்துகிறார்கள்.

அந்தப் படப்பாட்டுகளுக்குப் பிறகு இவர்கள் ஏன் காணாமல் போனார்கள்? இரவுச் சந்தையில் கேசட் விற்ற காலத்தில் எங்கு பார்த்தாலும் அவர்கள் படம்தான் இருந்தது.
– மளிகைக் கடை உரிமையாளர், சுங்கை சிப்புட்

அவர்கள் முகம் மறைந்தது, பாட்டு மறையவில்லை. முதலில் அந்த உச்சத்தைச் சொல்லிவிடுகிறேன். 1977 நவம்பரில் வந்த "சாட்டர்டே நைட் ஃபீவர்" இசைத்தட்டு அமெரிக்காவில் தொடர்ந்து 24 வாரம் முதலிடத்தில் இருந்தது. "ஹவ் டீப் இஸ் யுவர் லவ்", "ஸ்டேயிங் அலைவ்", "நைட் ஃபீவர்" மூன்றும் முதலிடம் பெற்றன. 1979-இல் வந்த "ஸ்பிரிட்ஸ் ஹேவிங் ஃப்ளோன்" தட்டிலிருந்து "டூ மச் ஹெவன்", "டிராஜெடி", "லவ் யூ இன்சைட் அவுட்" ஆகிய மூன்றும் அதே இடத்தைப் பிடித்தன. அடுத்தடுத்து ஆறு பாட்டுகள் முதலிடம். "டூ மச் ஹெவன்" பாட்டின் வருமானத்தை யுனிசெஃப் அமைப்புக்குக் கொடுத்துவிட்டார்கள்.

எல்லா வானொலியிலும் எந்நேரமும் ஒலித்ததாலேயே வெறுப்பும் வளர்ந்தது. 1979 ஜூலை 12-ஆம் நாள் சிகாகோவின் பேஸ்பால் திடலில் டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்தார்கள். கூட்டம் திடலுக்குள் புகுந்து பெரும் கலவரமானது. வானொலி நிலையங்கள் பீ ஜீஸ் பெயரையே தவிர்க்கத் தொடங்கின. டிஸ்கோவை உண்டாக்கியவர்கள் இவர்கள் அல்லர். கறுப்பின, லத்தீன் இளைஞர்களின் நடனக் கூடங்களில் அது முன்பே வளர்ந்திருந்தது. ஆனால் பழி முழுவதும் இவர்கள் தலையில் விழுந்தது. அதை அநியாயம் என்றே கருதுகிறேன்.

அப்போது அவர்கள் செய்தது, அவர்கள் முதலில் பாடலாசிரியர்கள் என்று நான் மேலே சொன்னதை மெய்ப்பிக்கிறது. பாட்டை எழுதி மற்றவர்களிடம் கொடுத்தார்கள். ஸ்ட்ரைசண்டுக்கு "வுமன் இன் லவ்", 1982-இல் டியோன் வார்விக்குக்கு "ஹார்ட்பிரேக்கர்", 1983-இல் கென்னி ராஜர்ஸும் டாலி பார்ட்டனும் பாடிய "ஐலண்ட்ஸ் இன் தி ஸ்ட்ரீம்", 1986-இல் பிரிட்டனில் முதலிடம் பெற்ற, டயானா ராஸ் பாடிய "செயின் ரியாக்ஷன்" எல்லாம் கிப் சகோதரர்கள் எழுதியவை. பீ ஜீஸைப் புறக்கணித்த அதே வானொலிகள் இவற்றை விரும்பி ஒலிபரப்பின. நம் ஊர்க் கரோக்கே மேடைகளில் கணவனும் மனைவியுமாகப் பாடும் அந்த "ஐலண்ட்ஸ்" பாட்டு யாருடையது என்று கேட்டால், பலரும் அதைப் பாடிய ராஜர்ஸ், பார்ட்டன் பெயரைத்தான் சொல்வார்கள்.

1987-இல் "யூ வின் அகெய்ன்" பாட்டுடன் பிரிட்டனில் மீண்டும் முதலிடத்துக்கு வந்தார்கள். அறுபதுகள், எழுபதுகள், எண்பதுகள் என்று மூன்று பத்தாண்டுகளிலும் அங்கே முதலிடம் பெற்ற முதல் குழு அவர்களே. மறு ஆண்டு மார்ச்சில், தனியாகப் பாடிப் புகழ்பெற்ற கடைசித் தம்பி ஆண்டி 30 வயதில் காலமானார். மாரிஸ் 2003 ஜனவரியிலும் ராபின் 2012 மே மாதத்திலும் மறைந்தார்கள்.

இப்படி அண்ணன் தம்பிகள் சேர்ந்து பாடிய குழு நம் மலேசியாவில் உண்டா?
– இடைநிலைப்பள்ளி மாணவி, சுங்கை சிப்புட்

உண்டு, அதுவும் தமிழர் குடும்பத்திலிருந்து. பினாங்கைச் சேர்ந்த டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் சகோதரர்களின் ஆலிகேட்ஸ் குழு மலாய்ப் பாடல்களால் நாடெங்கும் புகழ்பெற்றது. லோகநாதன் 2007-இல் மறைந்தார். உன் தாத்தா பாட்டியிடம் கேட்டால் அவர்கள் பாட்டில் ஒன்றையாவது பாடிக் காட்டுவார்கள்.

"வோர்ட்ஸ்" பாட்டு பாய்சோன் குழுவுடையது என்று நானும், பீ ஜீஸ் உடையது என்று அப்பாவும் வாதிடுகிறோம். அப்படியே, எந்த இசைத்தட்டிலிருந்து கேட்கத் தொடங்கலாம் என்றும் சொல்லுங்கள்.
– கல்லூரி மாணவர், சுங்கை சிப்புட்

அப்பா சொல்வதே சரி. பாய்சோன் 1996-இல் அதைப் பாடி பிரிட்டனில் முதலிடம் பெற்றது. அதே ஆண்டில் டேக் தட் குழு "ஹவ் டீப் இஸ் யுவர் லவ்" பாட்டையும், பிறகு ஸ்டெப்ஸ் குழு "டிராஜெடி" பாட்டையும் பாடி அதே இடத்தைப் பிடித்தன. மூன்றும் கிப் சகோதரர்கள் எழுதியவையே.

தேர்ந்தெடுத்த வெற்றிப் பாடல்களின் தொகுப்பிலிருந்து தொடங்க வேண்டாம். அவற்றில் ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் இடையே பத்தாண்டு கடந்துபோயிருக்கும், குரல் மாறிய காரணம் விளங்காது. "பீ ஜீஸ் ஃபர்ஸ்ட்" தட்டை முதலில் கேளுங்கள், பிறகு "மெயின் கோர்ஸ்", அதன் பிறகே "சாட்டர்டே நைட் ஃபீவர்". "ஒடெஸா" நீளமானது, பொறுமை கேட்கும். அதைக் கடைசியில் வைத்துக்கொண்டு அப்பாவோடு சேர்ந்து கேளுங்கள்.